1.96-க்கும் 2.064-க்கும் நடுவே

முதுகலைக் கல்வியியல் படிக்கும் என் அக்கா மகள், போன ஞாயிறன்று திருமங்கலத்திலிருந்து புள்ளியியல் நோட்டோடு உசிலம்பட்டிக்கு வந்திருந்தாள். "மாமா, கணக்கு சரியாத்தான் வருது, ஆனா மேடம் சுழிச்சிட்டாங்க" என்று அவள் நீட்டிய வினா இதுதான்: ஒரு தேர்வின் வழக்கமான சராசரி 60, புதிய முறையில் கற்ற 25 மாணவர்களின் சராசரி 64, திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) 10, இந்த வேறுபாடு 5 சதவீத மிகைகாண் நிலையில், அதாவது இல்லாத வேறுபாட்டை உண்டென்று சொல்லிவிடும் வாய்ப்பை 5 சதவீதம் மட்டுமே அனுமதித்தால், பொருட்படுத்தத் தக்கதா? (வர்க்கமூலம் எடுக்க வசதி என்பதாலேயே வினாத்தாள்களில் எப்போதும் 25 பேர் இருக்கிறார்கள் என்பது என் நெடுநாள் சந்தேகம்.)

10-ஐ 25-இன் வர்க்கமூலமான 5-ஆல் வகுத்தால், மாதிரிக்கு மாதிரி சராசரி எவ்வளவு ஆடும் என்று காட்டும் திட்டப் பிழை 2. வேறுபாடான 4-ஐ அதனால் வகுத்தால் விடையும் 2. அதுவரை பிழையில்லை. அடுத்த வரியில், 5 சதவீத நிலைக்கான எல்லை என்று மனப்பாடமாக இருந்த 1.96-ஐ விட 2 பெரியது என்று எழுதி, 'வேறுபாடு இல்லை' என்னும் இன்மைக் கருதுகோளை அவள் நிராகரித்திருந்தாள்.

முழுமைத்தொகுதியின், அதாவது மாதிரி எடுக்கப்பட்ட மொத்தக் கூட்டத்தின், திட்ட விலக்கம் தெரிந்திருந்தாலோ, மாதிரி மிகப் பெரியதாக இருந்தாலோதான் 1.96 செல்லும். இங்கே அந்த 10-ம் இதே 25 பேரிடமிருந்து கணக்கிட்டது. வேறு 25 பேரை எடுத்தால் சராசரியோடு அதுவும் மாறிவிடும். டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் பணியாற்றிய கோசெட், சிறு மாதிரிகளோடு மல்லுக்கட்டி, 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் 1908-இல் எழுதிய கட்டுரை இந்தச் சிக்கலைத்தான் எடுத்துக்கொண்டது. சிறு மாதிரிகளுக்கான எல்லை மதிப்புகளைத் தரும் டி-அட்டவணையில் அடிக்கோலை வைத்து, 25-இல் ஒன்று குறைத்து 24-ஆம் வரிசையைப் பார்க்கச் சொன்னேன்: 2.064. மாதிரி இன்னும் சிறிதான ஒன்பதாம் வரிசையில் அது 2.262, பெரிதான 120-க்கு இறங்கினால் 1.980. நம் 2 எட்டவில்லை, நிராகரிக்க இடமில்லை.

"ஒருமுனைச் சோதனைன்னா 1.711 தானே மாமா, அப்ப நிராகரிச்சிரலாமே?" என்றாள். கெட்டிக்காரிதான்; உயர்வை மட்டும் பார்க்கும் சோதனைக்கு எல்லை அதுதான். ஆனால் மதிப்பெண்ணைப் பார்த்த பிறகு முனையைத் தேர்வதைச் சோதனை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வினாவும் வேறுபாடு உண்டா என்றுதான் கேட்கிறது, உயர்ந்ததா என்று கேட்கவில்லை.

அதற்குள் அவள், 'ஆகவே புதிய முறையால் பயனில்லை' என்று எழுதி முடித்திருந்தாள். திட்டப் பிழை 2-ஐ 2.064-ஆல் பெருக்கி, 64-இலிருந்து இருபுறமும் அந்த 4.128 தள்ளிப் பார்க்கச் சொன்னேன். உண்மைச் சராசரி இருக்கக்கூடிய இடைவெளி 59.872 முதல் 68.128 வரை வந்தது. அதற்குள் 60-ம் இருக்கிறது, 68-ம் இருக்கிறது. சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவள், 'பயனில்லை' என்பதை அடித்துவிட்டு, 'பயன் உண்டு என்று கூற இம்மாதிரி போதவில்லை' என்று எழுதினாள்.