ட்ராக்டரில் வரும் சாமி

மாசி மகத்தன்று புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் போயிருந்தேன். மயிலம் முருகன், தீவனூர் பிள்ளையார் எனச் சுற்றுவட்டாரச் சாமிகளெல்லாம் கடலில் நீராடும் தீர்த்தவாரிக்கு வரிசைகட்டி நிற்க, ஒரு ட்ராக்டரில் ஜெனரேட்டர் புகைக்கு நடுவே எங்கள் ஊர் அம்மன், பக்கத்திலேயே செல்ஃபி எடுக்கும் பையன்கள், ஈர மணலில் உட்கார்ந்து திதி கொடுக்கும் ஒருவர். ‘தோள்ல தூக்கிட்டு வந்த காலம் போச்சு’ என்று பெரியப்பா அலுத்துக்கொண்டார். போகட்டுமே! தூக்க ஆளில்லை, பாதிப் பேருக்குச் சென்னையில் வேலை. ஆனாலும் லீவு போட்டு வந்துவிடுகிறார்கள் இல்லையா? அங்கே கடலூர் மாவட்டத்தில், ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் இதே மாசி மகத்துக்குக் கிள்ளைக் கடலுக்குப் போகும்போது வழியில் தர்காவில் முஸ்லிம்கள் மாலை மரியாதையோடு வரவேற்பது இன்றும் நடக்கிறது. சாமி எப்படியும் வந்துவிடும்; எனக்குக் கவலை திருவிழாத் தெருக்கூத்தைப் பற்றித்தான். விடிய விடிய உட்கார யாருக்குப் பொறுமை இருக்கிறது? போன வருஷம் 12 மணிக்கே எழுந்து வந்தவர்களில் நானும் ஒருத்தன்.