மூணு மணி டீ

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஒன்பது வருடமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். 500 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆம்புலன்ஸ் அறை இருக்க வேண்டும் என்பது 1948-ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டம் வைத்த விதி. அந்த அறைதான் என் இடம். விரல் நசுங்கினால், கண்ணில் இரும்புத் தூள் விழுந்தால் என்னிடம் ஓடி வருவார்கள். அந்தச் சட்டத்தின் தொழில்நோய் அட்டவணையில் ஈய நஞ்சு இருந்தது, தூசியால் நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கோசிஸ் இருந்தது; சுகரும் பிரஷரும் இல்லை. அதனால் ரொம்ப காலம் அவற்றை ஆலை தன் பொறுப்பாக நினைக்கவே இல்லை.

2021 ஆகஸ்டில் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வந்தபோது சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகப் போய் சுகர் பார்த்தார்கள். எங்கள் ஆட்கள் பாதிப் பேர் அந்த நேரத்தில் ஷிப்டில் இருப்பார்கள், மீதிப் பேர் நைட் முடித்துக் கதவைச் சாத்தித் தூங்குவார்கள். 2024-ல் பரிசோதனையை வேலை இடத்துக்கே கொண்டுவந்தது அரசு செய்த நல்ல காரியம்.

எங்கள் ஆலையில் முகாம் நடந்தபோது தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பிலிருந்து ஒரு தம்பி வந்தார். வயது 34, கான்ட்ராக்ட் ஆள். கால் பெருவிரல் ஓரத்தில் ஷூ கடித்த புண்ணுக்கு மூன்று வாரமாக நான்தான் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். ஆறவில்லை. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். ஊசி குத்தி ஒரு சொட்டு எடுத்து வைத்தால் மீட்டரில் சுகர் 312, ரொம்ப அதிகம். அவர் நம்பரைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை.

"சிஸ்டர், இது ஆபீசுக்குப் போகுமா?"

நைட் ஷிப்டிலிருந்து எடுத்துவிட்டால் அலவன்ஸ் போய்விடும், கான்ட்ராக்டை நீட்டிக்காமலும் விடலாம். அந்தப் பயத்துக்கு மாத்திரை இல்லை. மறுநாளே ஆபீசிலிருந்து பெயர்ப் பட்டியல் கேட்டார்கள். எத்தனை பேருக்கு சுகர், எத்தனை பேருக்கு பிரஷர் என்ற எண்ணிக்கையை மட்டும் கொடுத்தேன். பெயர் எங்கள் டாக்டரோடும் என்னோடும் நிற்கும் என்று சொன்னேன். மனவருத்தம் வந்தது, பரவாயில்லை. பெயர் வெளியே போகிற ஆலையில் அடுத்த முகாமுக்கு நோயாளி எவரும் வர மாட்டார்கள்.

இன்னொரு பாடம் டீயில் கிடைத்தது. நைட் ஷிப்டில் விடியற்காலை மூன்று மணிக்கு வரும் டீ பாயசம் மாதிரி இனிக்கும். தூக்கம் கலைய அதையே இரண்டு கப் குடிப்பார்கள். கேன்டீனில் பேசி, சர்க்கரை போடாத டீக்குத் தனி கேன் வைக்கச் செய்தேன். பத்து நாள் அது அப்படியே திரும்பிப் போனது. அந்த கேன் முன்னால் நின்றால் லைன் முழுக்க "இவனுக்கு சுகர்" என்று தெரிந்துவிடுமே! அதன்பின் கேனை ஒன்றாக்கினோம். எல்லோருக்கும் சர்க்கரை இல்லாத டீ. பக்கத்தில் சர்க்கரை டப்பாவும் ஸ்பூனும். வேண்டியவர் போட்டுக்கொள்ளலாம். முதல் வாரம் முணுமுணுப்பு இருந்தது, பிறகு அடங்கிவிட்டது.

2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. 40 வயது தாண்டிய தொழிலாளிக்கு வருடம் ஒருமுறை இலவசப் பரிசோதனை என்கிறார்கள். வரவேற்கிறேன். ஆனால் சுகர், பிரஷர் போன்ற தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டமே 30 வயதிலிருந்து சோதிக்கச் சொல்கிறது. என் பிரஸ் ஷாப் தம்பி 40 வரை காத்திருந்தால் அந்த விரல் மிஞ்சியிருக்குமா? ஆலைக்கும் 30 என்றே வைக்க வேண்டும். மாத்திரை வாங்கப் போகும் அரை நாளுக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது என்றும் எழுத வேண்டும். இப்போது அந்த அரை நாளுக்குப் பயந்தே பாதிப் பேர் இரண்டாம் மாதம் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள்.

அந்தத் தம்பிக்குப் புண் ஆற இரண்டு மாதம் ஆனது. மாத்திரைப் பட்டையை வீட்டில் வைத்தால் மனைவி பயப்படுவார் என்று என் அலமாரியில் வைத்திருந்தார். போன மாதம் வந்து, "வீட்ல சொல்லிட்டேன் சிஸ்டர்" என்று எடுத்துக்கொண்டு போனார்.