சமையல் எண்ணெயை அப்படியே டேங்க்கில் ஊற்றாதீர்கள்

1900 பாரிஸ் கண்காட்சியிலேயே ஒரு டீசல் எஞ்சின் கடலை எண்ணெயில் ஓடியது உண்மைதான், அதற்காக இன்றைய எஞ்சினில் எண்ணெயை அப்படியே ஊற்றிவிடாதீர்கள். டீசலைவிட அதற்குப் பாகுத்தன்மை கிட்டத்தட்டப் பத்து மடங்கு, எரிபொருளைத் தூவும் இன்ஜெக்டரின் நுண்ணிய துளையில் புகையாகத் தூவ வேண்டியது சொட்டாக விழுந்து, பாதி எரிந்து, கரியாகப் படிந்துவிடும். மெத்தனாலோடு வினைபுரிய வைத்துக் கிளிசரினைப் பிரித்த பிறகுதான் அது பயோடீசல். சரி, டீசலில் 20 சதவீதம் பயோடீசல் கலந்த பி20 போடலாமா? முதலில் எஞ்சின் கையேட்டைப் பாருங்கள். அப்புறம் ஒன்று, டேங்க் அடியில் வருஷக்கணக்காகப் படிந்த அழுக்கைப் பயோடீசல் கரைத்துக் கிளப்பிவிடும். மாறிய புதிதில் வண்டி இழுக்கவில்லை என்றால் பம்பைக் கழற்றாதீர்கள், ஃபில்டரைக் கழற்றுங்கள், பெரும்பாலும் கருப்பாக அடைத்திருக்கும். பழைய வண்டியில் எரிபொருள் போகும் ரப்பர் ஹோஸையும் அமுக்கிப் பாருங்கள், பயோடீசலில் ஊறி உப்பி மெத்தென்று இருந்தால் உடனே மாற்றிவிடுங்கள்.