சிறிய தளத்துக்கு எவ்வளவு வாடகை கொடுக்கலாம்?

எங்கள் ஊர் வாசகர் வட்டத்தின் வலைத்தளத்தை ஒன்பது ஆண்டுகளாக நான் பராமரித்து வருகிறேன். 312 கட்டுரைகளும், கூட்டங்களில் எடுத்த படங்களும், அடுத்த கூட்டத்துக்கான அறிவிப்பும்தான் அதில் உள்ளவை. உறுப்பினர் சந்தாவிலிருந்து செலவு செய்வதால் ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்குக் காட்ட வேண்டியிருக்கிறது. அதனால் ஹோஸ்டிங், அதாவது தளத்தை இணையத்தில் வைப்பதற்கான இட வாடகை, செலவைக் குறைக்கும் வழியைச் சற்றுப் பொறுமையாகத் தேடினேன்.

நாங்கள் முதலில் சேர்ந்த நிறுவனம் மாதம் 79 ரூபாய் என்று விளம்பரம் செய்திருந்தது. அந்த விலை 48 மாதத் தொகையை ஒரே தவணையில் கட்டுபவர்களுக்கு மட்டுமே என்பது பணம் செலுத்தும் பக்கத்தில்தான் தெரிந்தது. 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் சேர்ந்தபோது தொகை ஏறக்குறைய 4,475 ரூபாய் ஆயிற்று. அதைக் கட்டினோம். நான்காண்டு முடியும் தறுவாயில் புதுப்பிக்கப் பார்த்தபோது மாதக் கட்டணம் 249 ரூபாயாக உயர்ந்திருந்தது. அதே காலத்துக்கு வரியுடன் 14,000 ரூபாய்க்கு மேல் கேட்டார்கள். சேரும்போது தரும் விலை வேறு, புதுப்பிக்கும் விலை வேறு என்பது இந்தத் தொழிலில் பரவலான வழக்கம். ஆகவே எந்த நிறுவனத்தைப் பார்த்தாலும் புதுப்பித்தல் கட்டணத்தையே உண்மையான விலையாகக் கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அந்த அதிர்ச்சிக்குப் பிறகுதான் எங்களுக்கு உண்மையில் எவ்வளவு இடம் தேவை என்று கணக்கிட்டுப் பார்த்தேன். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூ.டி.எஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வோர் எழுத்துக் குறியும் மூன்று பைட்டுகளை எடுத்துக்கொள்கிறது. 'கி' என்று எழுதினால், ககரமும் இகரக் குறியும் தனித்தனிக் குறிகளாதலால், ஆறு பைட்டுகள் ஆகும். அப்படியிருந்தும் 800 சொல் கொண்ட ஒரு கட்டுரை சுமார் 20 கிலோபைட்டைத் தாண்டுவதில்லை. எங்கள் 312 கட்டுரைகளும் சேர்ந்து ஆறேழு மெகாபைட்தான். படங்களைச் சுருக்கிச் சேமித்த பின் முழுத் தளமும் 70 மெகாபைட்டுக்குள் அடங்கியது. நாங்கள் வாங்கியிருந்ததோ 10 ஜிகாபைட் இடம்.

பகிர்வு ஹோஸ்டிங் மலிவாகக் கிடைப்பதன் காரணத்தையும் அறிந்திருப்பது நல்லது. ஒரே வழங்கியில் (தளங்களைத் தாங்கிப் பிறருக்கு அனுப்பித் தரும் கணினியில்) நூற்றுக்கணக்கான தளங்களைக் குடிவைத்து அதன் நினைவகத்தையும் செயலியையும் பங்கிட்டுக் கொடுக்கிறார்கள். 'வரம்பற்ற இடம்' என்று அறிவிக்கும் திட்டங்களிலும் கோப்புகளின் எண்ணிக்கைக்கும் செயலி நேரத்துக்கும் வரம்பு இருக்கும். அது விதிமுறைப் பக்கத்தின் நடுவில் எங்கேயோ எழுதப்பட்டிருக்கும். வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் இயங்கும் தளத்தில் ஒருவர் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது, இடையில் சேமித்து வைக்கும் ஏற்பாடு இல்லாவிட்டால், ஒவ்வொரு முறையும் பி.எச்.பி. மொழியில் எழுதிய நிரல் ஓடித் தரவுத்தளத்தைக் கேட்டுப் பக்கத்தைப் புதிதாகக் கட்டித் தருகிறது. மாதத்துக்கு மூன்று கட்டுரை வெளியிடும் தளத்துக்கு அவ்வளவு உழைப்பு எதற்கு?

எனவே கட்டுரைகளை முன்கூட்டியே உலாவி நேரே காட்டக்கூடிய, ஆயத்தமான எச்.டி.எம்.எல். பக்கங்களாக மாற்றும் ஹியூகோ என்ற மென்பொருளுக்கு மாறினோம். அப்படிப்பட்ட பக்கங்களைக் கட்டணமின்றி வைக்க இடங்கள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றான கிட்ஹப் பேஜஸில் தளம் 1 ஜிகாபைட் வரை இருக்கலாம். மாதப் போக்குவரத்துக்கு 100 ஜிகாபைட் என்ற நெகிழ்வான வரம்பு உண்டு. கிளவுட்ஃபிளேர் பேஜஸும் இதே வகையானது. நாங்கள் முதலாவதைத் தேர்ந்தெடுத்தோம். ஒரு பக்கம் படத்துடன் 200 கிலோபைட் என்று வைத்தால், மாதம் 3,000 பக்கங்கள் படிக்கப்பட்டாலும் 600 மெகாபைட்தான் செலவாகும். இணைப்பு பாதுகாப்பானது என்று காட்டும் பூட்டுக் குறிக்கான சான்றிதழும் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பின் வழியாக இலவசமாகவே கிடைக்கிறது. 2015இல் அந்த ஏற்பாடு பொதுப் பயன்பாட்டுக்கு வருவதற்கு முன் பெரும்பாலானோர் இதற்கு ஆண்டுதோறும் தனியே பணம் கட்டிவந்தார்கள்.

மாற்றும் வேலையில் என்னை அதிகம் வருத்தியது தமிழ்தான். எங்கள் பழைய தரவுத்தளம் மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான லத்தீன்-1 என்ற எழுத்துத் தொகுப்பில் உருவாக்கப்பட்டிருந்தது, மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில் 8.0 பதிப்புக்கு முன்பு அதுவே இயல்பமைப்பு. தளத்தில் தமிழ் ஒழுங்காகத் தெரிந்துகொண்டிருந்ததால் இத்தனை ஆண்டுகள் எவரும் கவனிக்கவில்லை. ஏற்றுமதி செய்த கோப்பைத் திறந்தபோது, ஒவ்வொரு தமிழ்க் குறியின் இடத்திலும் மூன்று ஐரோப்பியக் குறிகள் நின்றன. மூன்று பைட்டுகளும் மூன்று தனி எழுத்துகளாகப் படிக்கப்பட்டிருந்தன. பைட்டுகள் அழியவில்லை என்பதால் லத்தீன்-1 ஆகவே வெளியே எடுத்து யூ.டி.எஃப்-8 ஆகப் படிக்கச் செய்ததும் கட்டுரைகள் மீண்டன. மறைந்துவிட்ட மூத்த உறுப்பினர்கள் சிலருடைய எழுத்து அந்தத் தளத்தைத் தவிர வேறெங்கும் இல்லை என்பதால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நீங்கள் பணம் கட்டி ஹோஸ்டிங் வாங்குவதானால், எல்லா மொழி எழுத்துகளையும் ஏற்கும் யூ.டி.எஃப்-8 எம்பி4 தொகுப்பில் தரவுத்தளம் அமைக்க முடியுமா என்றும், முழு நகலை நீங்களே எப்போது வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ள முடியுமா என்றும் முதலிலேயே கேளுங்கள்.

இந்த வழி எல்லோருக்கும் பொருந்தாது. இணையக் கடை நடத்துவதற்குக் கிட்ஹப் பேஜஸ் விதிகள் இடம் தருவதில்லை. உறுப்பினர் நுழைவும் பின்னூட்டமும் வேண்டுவோருக்குப் பகிர்வு ஹோஸ்டிங்கே இன்றும் எளிது. நாங்களும் பின்னூட்டப் பெட்டியை இழந்தோம்; வாசகர்கள் இப்போது மின்னஞ்சலில் எழுதுகிறார்கள்.

தளத்தின் முகவரியான டொமைன் பெயரை ஹோஸ்டிங் நிறுவனத்திடம் வாங்காமல் வேறொரு பதிவாளரிடம் வைத்திருந்தது எங்களுக்கு மிகப் பெரிய உதவியாயிற்று. 'முதலாண்டு இலவசம்' என்று கிடைக்கும் பெயருக்கு ஆசைப்பட்டிருந்தால் பெயரையும் இடத்தையும் ஒரே நேரத்தில் பெயர்க்க வேண்டி வந்திருக்கும். பெயரைப் புதிதாகப் பதிந்தாலும் பதிவாளரை மாற்றினாலும் அடுத்த 60 நாட்களுக்கு வேறிடம் கொண்டுசெல்லப் பெரும்பாலும் விடமாட்டார்கள். எங்களுக்குப் பெயர் எந்த வழங்கியைக் காட்ட வேண்டும் என்று சொல்லும் முகவரிப் பதிவுகளை மாற்றுவதோடு வேலை முடிந்தது. பழைய கணக்கு காலாவதியாக இன்னும் ஒன்பது நாள் இருந்தது.