வெட்டிக் கொடுத்த மாத்திரையும் நான் போட்ட கணக்கும்

போன ஐப்பசி மழையில் கோத்தகிரியில் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் படியில் வழுக்கி விழுந்தேன், இடுப்பிலும் வலது விலாவிலும் நல்ல அடி. எக்ஸ்ரேயில் முறிவு இல்லை, தசையில்தான் அடி என்று சொல்லி டாக்டர் காலையும் இரவும் போட ஒரு வலி மாத்திரை எழுதினார், வயிற்றுக்குப் பான்டோபிரசோல். நான் தினமும் டெல்மிசார்டன் சாப்பிடும் பிரஷர்காரி என்பதை அவரிடம் சொன்னேனா இல்லையா என்று இன்றைக்கும் நினைவில்லை.

மூன்றாம் நாள் கடைவாய்ப் பல் ஆரம்பித்தது. மலைக் குளிரில் பல்வலி வந்தவர்களுக்குத் தெரியும், மூச்சை இழுத்தாலே உயிர் போகும். கிராம்புத் தைலம் வைத்துப் பார்த்துவிட்டு, முடியாமல் குன்னூருக்குப் பஸ் ஏறினேன். ஈறுக்குள் சீழ் என்றார் பல் டாக்டர், ஆன்டிபயாடிக்கும் மூன்று வேளை வலி மாத்திரையும் கொடுத்தார். இடுப்புக்கு ஏற்கெனவே மாத்திரை ஓடுவதை அவரிடம் சொல்லவில்லை. பல்லுக்கும் இடுப்புக்கும் என்ன சம்பந்தம் என்ற நினைப்பு! அன்றிரவே காய்ச்சல், வீட்டில் இருந்த டோலோ 650 மூன்று வேளை. மூக்கடைப்புக்குப் பக்கத்துக் கடையில் கேட்டு வாங்கிய சளி மாத்திரை இரண்டு வேளை. ஆக நான்கு வகை, நான்கு நிறம், நான்கும் வேறு வேறு மருந்து என்றே நம்பினேன்.

இரண்டு நாளில் நெஞ்செரிச்சல் தாங்கவில்லை. கணுக்கால் வீங்கியது. வலி மட்டும் அப்படியே இருந்தது.

தப்பைக் கண்டுபிடித்துச் சொன்னவர் மருந்துக்கடைத் தம்பி, ஊட்டியில் பார்மசி படித்தவர். இடுப்பில் தடவ ஒரு களிம்பு கேட்கப் போனேன். வேறு என்ன சாப்பிடுறீங்க அக்கா என்று கேட்டார், பையிலிருந்த துண்டுகளை மேசையில் கொட்டினேன். துண்டு என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் ஆறு மாத்திரை கேட்டால் அட்டையைக் கத்தரியால் வெட்டிக் கொடுப்பார்கள், பெயர் ஒரு துண்டில் போகும், காலாவதித் தேதி இன்னொன்றில், உள்ளே என்ன மருந்து என்று பொடி எழுத்தில் இருப்பது கடைக்காரரிடமே தங்கிவிடும். அவர் முழு அட்டைகளை எடுத்து வைத்துப் படித்துக் காட்டினார். இடுப்பு மாத்திரையில் அசெக்ளோஃபெனாக் 100 மில்லிகிராமும் பாராசிட்டமால் 325உம். பல் மாத்திரையில் இபுப்ரூஃபன் 400, மறுபடியும் பாராசிட்டமால் 325. டோலோ முழுக்கப் பாராசிட்டமால், 650. சளி மாத்திரையிலும் 500 இருந்தது.

ரசீதின் பின்னால் கூட்டினோம். 650, 975, 1950, 1000. மொத்தம் ஒரு நாளைக்கு 4575 மில்லிகிராம். பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4000தான் உச்சம், எடை குறைந்தவர்களுக்கும் ஈரல் கோளாறு உள்ளவர்களுக்கும் தினம் குடிப்பவர்களுக்கும் அதுவே அதிகம்.

அவர் அப்போதே டாக்டரிடம் திருப்பி அனுப்பினார். பிரஷர் 160க்கு மேல். பாராசிட்டமால் மீறினால் முதல் நாள் ஒன்றும் தெரியாது, ஈரல் பாதிப்பு பிறகுதான் வெளிப்படும் என்று சொல்லி ஈரலுக்கும், சிறுநீரகம் எப்படி என்று காட்டும் கிரியாட்டினினுக்கும் ரத்தம் எடுத்தார்கள். நல்லவேளை, இரண்டும் சரியாக இருந்தன. மலம் கறுப்பாகப் போகிறதா, சிறுநீர் குறைந்ததா என்று திரும்பத் திரும்பக் கேட்டார் டாக்டர். அப்படி இருந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டுமாம்.

வலி மாத்திரைகளைச் சேர்த்துச் சாப்பிடுவதே தப்பு என்று அவர் சொல்லவில்லை, அதுதான் எனக்கு ஆச்சரியம். பாராசிட்டமால் வேலை செய்யும் விதம் வேறு, இபுப்ரூஃபன் வேறு, அதனால் அளவோடு சேர்த்தால் ஒன்றுக்கு ஒன்று துணை, பல்வலிக்கு அந்த ஜோடி நன்றாகவே கேட்கும். ஆனால் இபுப்ரூஃபன், அசெக்ளோஃபெனாக், டைக்ளோஃபெனாக், நாப்ராக்சன் எல்லாம் ஒரே குடும்பம். அதில் இரண்டைச் சேர்த்தால் வலி கூடுதலாகக் குறையாது, வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும்தான் அடி இரட்டிப்பு. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அந்தக் குடும்பத்தில் ஒன்றே யோசித்துத்தான். எனக்கு இரண்டையும் நிறுத்தினார், சளி மாத்திரையையும். டோலோ மட்டும், ஆறு மணி நேரத்துக்கு ஒன்று, ஒரு நாளைக்கு நான்குக்கு மேல் கூடாது. இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம்.

இரவு தாங்காவிட்டால் போட, டிரமடால் என்ற கடுமையான வலி மருந்தும் பாராசிட்டமாலும் கலந்த ஒன்றைக் கொடுத்தார், அதிலும் 325 இருக்கிறது, அதைப் போடும் வேளையில் டோலோ கிடையாது. ஒன்றே ஒன்று போட்டேன், தலைசுற்றி வாந்தி, சரி வேண்டாம் என்று வைத்துவிட்டேன். தூக்க மாத்திரை, மனச்சோர்வு மாத்திரை எடுப்பவர்கள் அதைக் கேட்காமல் தொடவே கூடாது என்றார்.

அப்புறம் எங்கள் ஊர் விண்டர்கிரீன் எண்ணெய். கடைக்குக் கடை யூகலிப்டஸ் தைலத்தோடு விற்பது. அதுவும் ஆஸ்பிரினின் சொந்தக்காரன்தான், மெத்தில் சாலிசிலேட். லேசாகத் தேய்க்கலாம், அதன் மேல் ஒத்தடம் கொடுக்கக் கூடாது, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு ஆகாது. வாயில் போனால் ஒரு டீஸ்பூனே சுமார் 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமம், குழந்தைக்கு உயிராபத்து. இத்தனை வருடம் பேரன் விளையாடும் ஜன்னல் திட்டில் வைத்திருந்தேன் அந்தப் பாட்டிலை.

மிச்சமான பல் மாத்திரையை அம்மா முழங்காலுக்குக் கேட்டார். ஸ்டென்ட் வைத்தவர், தினம் ஆஸ்பிரின் 75 சாப்பிடுகிறவர், ரத்தம் உறையாமல் காக்கும் அந்த ஆஸ்பிரினின் வேலையை இபுப்ரூஃபன் கெடுக்கும். கொடுக்கவில்லை. ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பத்து நாள் தினக் காலண்டர் தாளின் பின்புறம் நேரம் எழுதியே ஓட்டினேன். 6 மணி ஒன்று, 12 மணி ஒன்று என்று. சீழை எடுத்த அன்றே பல்வலி பாதியாகிவிட்டது, வீக்கம் வடிந்தபின் பல்லையும் பிடுங்கியாயிற்று. இடுப்பு இன்னும் மேட்டில் ஏறும்போது முனகுகிறது. இப்போது எந்தக் கடைக்குப் போனாலும் பெயர் இருக்கும் பக்கத்தை எனக்கு விட்டுவிட்டு மறுபக்கம் வெட்டுங்கள் என்கிறேன். மிச்சத்தை எப்படிம்மா விற்பேன் என்று சலித்துக்கொள்கிறார்கள், முழு அட்டையாகவே வாங்கி வந்துவிடுகிறேன்.