கேட் என்.எம். தாள்: உப்புத் தண்ணீரா, நல்ல தண்ணீரா?

பொறியியல் மேற்படிப்புக்கான கேட் தேர்வில் என்.எம். தாளின் முடிவு வந்து சில வாரம் ஆகிறது. இரண்டாவது முயற்சியில் இரண்டு இலக்க ரேங்க். முதல் நாள் முழுக்க அழுகை மாதிரி ஒன்று தொண்டையிலேயே நின்றது. இன்றுதான் உட்கார்ந்து எழுத முடிகிறது. என்.எம். என்பது கப்பல் கட்டுமானம், கடற்பொறியியல் தாள். அந்தப் பக்கம் வர நினைக்கும் நம் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். தாள் அமைப்பு உங்களுக்குத் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

போன முறை நான் தோற்றது ஒரே ஒரு பழக்கத்தால். கல்லூரியில் எல்லாக் கணக்கையும் தண்ணீரின் அடர்த்தி கன மீட்டருக்கு 1000 கிலோ என்று போட்டே கை பழகியிருந்தது. கடல்நீருக்கு 1025. ஒரு சின்னக் கணக்கு பாருங்கள். 40 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், மொத்த எடை 1230 டன் உள்ள பெட்டி வடிவப் பார்ஜ், அதாவது தட்டையான சரக்குப் படகு. கடல்நீரில் அதன் டிராஃப்ட், அதாவது நீரில் முங்கும் ஆழம், சரியாக 3 மீட்டர். நல்ல தண்ணீரில் 3.075. ஏழரை சென்டிமீட்டர்தான் வித்தியாசம். ஆனால் எண்ணை டைப் செய்யும் கேள்வியில் அந்த ஏழரை சென்டிமீட்டருக்கு முழு இரண்டு மதிப்பெண் போய்விடும். அப்படி மூன்று கேள்வியில் விட்டேன். மூன்றுக்கும் வழிமுறை சரி.

அப்பா முப்பது வருடமாக மும்பை டாக்கில் கப்பல் பழுதுபார்க்கும் பிட்டர். நான் பத்து வயதில் அவரோடு போனபோது, கப்பல் பக்கவாட்டில் வட்டமும் கோடுகளும் போட்டிருப்பதைக் காட்டினார். கடல்நீரில் எஸ் கோடு வரை முங்கலாம், நல்ல தண்ணீரில் அதற்கு மேலே இருக்கும் எஃப் கோடு வரை முங்கலாம். போன வருடம் விடைக்குறிப்பு வந்த அன்று அவரிடம் சொன்னேன். "என்னலே, இது கப்பல்லயே எழுதியிருக்குமே" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சயான் கோலிவாடா வீட்டில் அன்று இரவு யாரும் டிவி போடவில்லை.

அதனால் இந்த வருடம் ஒரு விதி வைத்தேன். கேள்வியைப் படித்ததும், எதையும் கணக்கிடும் முன், தாளின் மூலையில் உ அல்லது ந என்று எழுதுவேன். உப்பு, நல்லது. அடர்த்தியைக் கேள்வியிலேயே கொடுத்திருந்தாலும் எழுதுவேன். இது குழந்தைத்தனமாகத் தெரியலாம், ஆனால் நீங்கள் என்னிடமிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

படித்த விதம்:

- பேலாப்பூரில் வேலை. ஜிடிபி நகரில் காலை ஏழு மணிக்கு ஹார்பர் லைன் ஏறினால் எதிர்த்திசை என்பதால் உட்கார இடம் கிடைக்கும். போக ஐம்பது நிமிடம், கப்பல் நிலைத்தன்மை மட்டும். வரும்போது நின்றுகொண்டு சூத்திரம் மட்டும்.
- இந்தத் தாள் 2022-ல்தான் தொடங்கியது. பழைய வினாத்தாள் கைவிரலில் எண்ணிவிடலாம். எனவே மெக்கானிக்கல், சிவில் தாள்களின் திரவவியல் கேள்விகளையும், எக்ஸ்.இ. (பொறியியல் அறிவியல்) தாளின் திரவவியல் பகுதியையும் போட்டுப் பாருங்கள்.
- திரையில் வரும் கால்குலேட்டரிலேயே பழகுங்கள். கையில் இருப்பதைப் பெட்டியில் பூட்டிவிடுங்கள்.
- பொது அறிவுத்திறன் 15 மதிப்பெண். விடாதீர்கள்.
- பல விடைகள் சரியாக இருக்கும் கேள்விக்கு நெகட்டிவ் கிடையாது, பாதி மதிப்பெண்ணும் கிடையாது. நான் அவற்றைக் கடைசியில்தான் தொட்டேன்.
- குழுவாகப் படிப்பது எனக்கு ஒத்துவரவில்லை. நான் மெதுவாகக் கணக்குப் போடுகிறவன். பக்கத்தில் யாராவது முடித்துவிட்டால் எனக்குக் கை ஓடாது.

அலைப் பகுதியை மனப்பாடம் செய்யாதீர்கள். ஆழ்நீரில் அலைநீளம் (மீட்டரில்) 1.56 பெருக்கல் அலைநேரத்தின், அதாவது ஒரு அலை கடந்துபோக ஆகும் விநாடிகளின், வர்க்கம். பத்து விநாடி அலைக்கு 156 மீட்டர். ஆழம் அதில் பாதியாவது, அதாவது 78 மீட்டராவது இருந்தால்தான் இந்தச் சூத்திரம் செல்லும். மும்பைக்கு அப்பால் கடலுக்குள் எண்ணெய் எடுக்கும் மும்பை ஹை பகுதியில் ஆழம் சுமார் 75 மீட்டர். அங்கேயே இது எல்லையில் நிற்கிறது. கடலுக்குள் நடும் காற்றாலைக்குப் பேசப்படும் மன்னார் வளைகுடாப் பகுதிகள் அதைவிட ஆழம் குறைந்தவை, எனவே ஆழத்தையும் கணக்கில் எடுக்கும், டான்-ஹெச் (tanh) சார்பு உள்ள முழுச் சமன்பாடு வேண்டும். இப்படி ஒரு இடத்தோடு சேர்த்துப் படித்தபிறகு எனக்கு மறக்கவே இல்லை.

அப்புறம், எம்.எஸ். ஆராய்ச்சிப் படிப்புக்கு நேர்முகத் தேர்வு. சூத்திரம் அதிகம் கேட்கவில்லை. பூர்வீகம் தூத்துக்குடி என்றதும், "காற்றாலை வந்தால் உங்கள் ஊருக்கு என்ன வேலை வரும்?" என்று கேட்டார்கள். இதற்கு நான் தயாராக இருந்தேன், ஏனென்றால் இந்தக் கேள்விக்காகத்தான் இந்தத் துறைக்கே வந்தேன்.

மும்பையைச் சொன்னேன். மும்பை ஹை 1974-ல் கண்டுபிடிக்கப்பட்டது, 1976-ல் எண்ணெய் வரத் தொடங்கியது. அங்கே கடலில் நிற்கும் எண்ணெய் மேடைகளைக் கட்டவும் காக்கவும் முக்குளிப்போர், நீருக்கடியில் வெல்டிங் செய்வோர், துருச்சோதனை ஆட்கள், கடலடி அளவையர், ஆளில்லா நீர்மூழ்கி ஓட்டுவோர் என்று ஒரு தலைமுறையே இந்த நகரத்தைச் சுற்றி உருவானது. அதில் நம் ஆட்கள் எத்தனையோ பேர். காற்றாலைக் கோபுரத்துக்கும் இதே கைகள்தான் வேண்டும். 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை 7,453 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. குஜராத் கடலில் 500 மெகாவாட், தமிழ்நாட்டுக் கடலில் 500. கோபுரம் நடும் நாளில் ஆள் தேடினால் வெளியூர் ஆட்கள்தான் வருவார்கள். தூத்துக்குடியில் சங்கு குளிக்கிறவர்களுக்கு நீருக்கடியில் வேலை செய்யும் உடலும் மனமும் ஏற்கெனவே இருக்கிறது. இல்லாதது சான்றிதழும் கருவிப் பயிற்சியும். ஐடிஐ அளவிலேயே அதைத் தொடங்க வேண்டும், பொறியாளர்களை மட்டும் கூட்டினால் போதாது என்றேன்.

ஒருவர் குறுக்கிட்டு, மத்ஸ்யா 6000 என்ற ஆழ்கடல் நீர்மூழ்கி பற்றிக் கேட்டார். பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்குவது, மூன்று பேர் 6000 மீட்டர் ஆழம் போக, டைட்டானியக் கோளம். அந்த ஆழத்தில் அழுத்தம் சுமார் எவ்வளவு என்றார். மூலையில் உ என்று எழுதினேன். பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டலம் என்று தோராயமாக 600 சொல்லிவிட்டு, உப்புநீர் என்பதால் கொஞ்சம் கூடும் என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

நேர்முகத்துக்குப் போகிறவர்கள் மூன்று படங்களைக் கண்ணை மூடிக்கொண்டு வரையத் தெரிந்துகொள்ளுங்கள்: மெட்டாசென்டர் படம் (கப்பல் சாய்ந்தால் நிமிருமா என்று காட்டும் புள்ளி), ஜாக்கெட் மேடையின் (கடலடியில் ஊன்றிய எஃகுச் சட்ட மேடை) கால்களில் அலை விசை, லோடு லைன் குறி (கப்பல் பக்கவாட்டில் இருக்கும் அந்த வட்டமும் கோடுகளும்). கடைசிப் படத்தை எனக்கு அப்பா சாப்பாட்டு மேசையில் மூன்று ராத்திரி வரையவைத்தார். எஃப் கோட்டைச் செங்குத்துக் கோட்டின் எந்தப் பக்கம் போடுவது என்பதில் இரண்டு முறை திருத்தினார்.