தொண்ணூறைக் கதைக்கத் தொடங்கினால்

யாழ்ப்பாணம் ஐந்து சந்திப் பக்கம் தையற்கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானாவோடு நான் கதைக்காத விஷயம் இல்லை. டொலர் விலை, பெற்றோல் வரிசை, மகளின் ஓ.எல். பெறுபேறு, எல்லாம் கதைப்போம். தொண்ணூறில் விடுதலைப் புலிகள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை ஊரைவிட்டு வெளியேற்றின கதை வந்தால் மட்டும், றோட்டுக் கிடங்கை விலத்திச் சைக்கிள் ஓடுகிற மாதிரி இரண்டு பேரும் விலத்திப் போய்விடுவோம்.

போன தை மாதம் மகனுக்குப் பள்ளிக்கூட லோங்ஸ் தைக்கக் கூட்டிப்போனேன். மெசினைப் பார்த்து, "இது பழசோ?" என்று கேட்டான்.

"இது புத்தளத்தில வாங்கினது மகன். வாப்பாட மெசின் இந்தக் கடையிலதான் இருந்தது. திரும்பி வந்து பார்த்தா மெசினும் இல்லை, கூரையும் இல்லை, கதவு நிலையும் இல்லை."

"ஆர் எடுத்தது?"

நானா என்னைப் பார்த்தார். "சொல்லுங்கோ நானா" என்றேன்.

சொன்னார். 1990 ஒக்ரோபர் 30. புலிகள் இயக்கம் ஒலிபெருக்கியில் அறிவித்து, முஸ்லிம்கள் இருந்த சோனகதெருச் சனத்தை ஜின்னா மைதானத்துக்கு வரச்சொன்னது. இரண்டு மணித்தியாலத்தில் ஊரைவிட்டுப் போகவேண்டும். கையில் 150 ரூபா, கொஞ்ச உடுப்பு. உம்மாவின் காதில் கிடந்ததையும் கழற்றி வாங்கினார்களாம். பக்கத்து வீட்டுத் தமிழ் அம்மா அழுதழுது சோத்துப் பார்சல் கட்டிக் கொடுத்திருக்கிறா. அதே ஒழுங்கையில் இன்னொருவரின் வீட்டில் இவர்களுடைய கதவு நிலை இன்றைக்கும் நிற்கிறது. பேர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குத் தெரிந்த ஆளாகத்தான் இருக்கும், யாழ்ப்பாணம் அவ்வளவு சின்னன்.

எங்கட தமிழ் ஆக்களிடம் இந்தக் கதையை எடுத்தால் உடனே இரண்டு மறுமொழி வரும். ஒன்று, "அது பிழை எண்டு இயக்கத்தின்ர பாலசிங்கம் 2002இலேயே ஒத்துக்கொண்டாச்சே." மற்றது, "கிழக்கில அவையள் செய்தது?" செய்ததுதான். காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுதவர்களை இயக்கம் சுட்டதும், வீரமுனைக் கோயிலில் தஞ்சம் புகுந்த தமிழரை முஸ்லிம் ஊர்காவல் படையினர் வெட்டியதும் அதே 1990 ஆகஸ்டில், பத்து நாளுக்குள். இரண்டையும் கதைக்கத்தான் வேணும். ஆனால் உம்மாவின் தோட்டைப் பற்றி ஒருவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது வீரமுனையை இழுத்தால், அது அவருடைய வாயை அடைக்கிற வேலை. வேலைத்தலத்தில் ஒரு சிங்கள நண்பரிடம் 83 ஜூலையில் தமிழரைக் கொன்ற கலவரத்தைச் சொல்லத் தொடங்கினேன், பாதியில் அவர் "அப்ப யாழ்ப்பாணம் திருநெல்வேலியில இயக்கம் கொன்ற ஆமிக்காரர் 13 பேர்?" என்று கேட்டார். அதற்குப் பிறகு எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை.

நானாவும் அன்றைக்கு ஒன்று கேட்டார். "முள்ளிவாய்க்கால்ல உங்கட ஆக்கள் ஆரும்?" பெரியம்மாவின் மகன் என்றேன். எத்தனை வயது, உடம்பு கிடைத்ததா என்றெல்லாம் கேட்டார். இவ்வளவு காலப் பழக்கத்தில் இதுதான் முதல் தரம்.

உடனே ஒட்டிக்கொண்டோம் என்று நினைக்கவேண்டாம். கதை காணிக்குத் திரும்பிச் சண்டையில் போய் நின்றது. திரும்பி வந்த முஸ்லிம் குடும்பங்களைக் கந்தோரில் வேணுமெண்டே அலைக்கழிக்கிறார்கள் என்றார். அங்கே எல்லாரையும்தான் அலைக்கழிக்கிறார்கள், எங்கட காணி உறுதிக்கும் இரண்டு வருஷம் அலைந்தேன் என்றேன். "உங்களிட்ட 'எப்ப வந்தனீங்கள்' எண்டு கேட்டவங்களோ?" என்றார். இல்லை, கேட்கவில்லை. என்றாலும் எல்லாக் கிளாக்கரும் அப்படியில்லை என்று நான் விடவில்லை. அவரும் விடவில்லை. லுஹர் தொழுகைக்கு நேரமாகிவிட்டதால் நாடாவைக் கழுத்தில் இருந்து எடுத்து வைத்துவிட்டு, மகனைப் பார்த்து, "வியாழக்கிழமை வாங்க, வாப்பாவையும் கூட்டிக்கொண்டு. கதை முடியேல்லை" என்றார்.